பதம் பார்க்க ஒரு பருக்கை

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அந்தப் பழமொழி சொல்லாமல் விட்ட நிபந்தனை ஒன்று உண்டு. கரண்டியை விட்டு அந்த ஒரு பருக்கையை எடுப்பவர், சோறு வெந்ததா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவராக இருக்கவேண்டும். விற்கிறவரே பானைக்குள் தேடி, நன்றாக வெந்த பருக்கையாகப் பொறுக்கி நீட்டினால் அது பானையின் பதத்தைக் காட்டாது. வீடியோ கேம் உலகில் ‘டெமோ’ என்று அழைக்கப்படும் இலவச மாதிரியின் வரலாற்றைப் பெரும்பாலும் தொழில்நுட்பத்தின் கதையாகவே எழுதுகிறார்கள். முதலில் கேசட், பின்பு ஃபிளாப்பி, பின்பு குறுந்தகடு, கடைசியில் இணையம் என்று அந்தக் கதை நேர்கோட்டில் போகும். அப்படிப் பார்த்தால் ஒரு முரண்பாட்டை விளக்க முடியாது. படியெடுத்து அனுப்புவதற்குப் பணமும் உழைப்பும் தேவைப்பட்ட காலத்தில் டெமோக்கள் மலிந்து கிடந்தன; செலவே இல்லாமல் அனுப்பலாம் என்று ஆன காலத்தில் அவை அருகிப்போயின; பிறகு திடீரென்று திரும்பி வந்தன. பருக்கையை எடுக்கும் கை யாருடையது, வாங்கியது வேகாத சோறாக இருந்தால் நட்டம் யாருக்கு என்ற இரண்டு கேள்விகளை வைத்துப் பார்த்தால்தான் இந்த ஏற்ற இறக்கம் புரியும்.

வேறெந்தக் கலைப்பொருளையும்விட விளையாட்டுக்கு மாதிரி அதிகம் தேவை. பாட்டை வானொலியில் கேட்டுவிட்டு இசைத்தட்டை வாங்கலாம். புத்தகத்தைக் கடையில் நின்றே நான்கு பக்கம் புரட்டலாம். விளையாட்டின் உயிர் கையில் இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் உருவம் எத்தனை விரைவாகக் குதிக்கிறது, குதித்தபின் காற்றில் எவ்வளவு வளைந்துகொடுக்கிறது என்பதைப் படமோ எழுத்தோ சொல்லிவிட முடியாது. காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்களின் காலத்தில் இது பெரிய சிக்கலாக இருக்கவில்லை. யாரும் ஆடாத நேரத்தில் இயந்திரம் தானே ஆடிக்காட்டி வழிப்போக்கர்களை அழைக்கும். ஒரு நாணயம் போட்டால் மூன்று நிமிடத்தில் தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் இழப்பு அந்த ஒரு நாணயம். விளையாட்டு வீட்டுக்குள் நுழைந்தபோதுதான் சிக்கல் பிறந்தது. கார்ட்ரிட்ஜ் ஒன்றுக்கு நாற்பது, ஐம்பது டாலர். பெட்டியின்மேல் ஓவியர் வரைந்த அழகான படம். பிரித்துவிட்டால் கடைக்காரர் திரும்ப வாங்குவது அரிது. நிண்டெண்டோ நிறுவனம் கடைகளுக்கு அனுப்பிய எம்82 என்ற காட்சிப்பெட்டியில் பன்னிரண்டு கார்ட்ரிட்ஜ்களைச் செருகலாம். வாடிக்கையாளர் எதை வேண்டுமானாலும் தேர்ந்து ஆடலாம். கடைக்காரர் குறித்த நேரம் முடிந்ததும் ஆட்டம் தானே நின்றுவிடும். முழு விளையாட்டும் உள்ளே இருந்தது, வெட்டப்பட்டது நேரம் மட்டும்தான். பின்னாளில் வந்த பல மாதிரிகளைவிட இது நேர்மையானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் அது கடைக்கு வந்தவருக்கு மட்டுமே கிடைத்தது.

மாதிரியை வீட்டுக்கே அனுப்பும் வழியைக் கண்டுபிடித்தவர்கள் விளையாட்டுக்காரர்கள் அல்லர். 1982-இல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மேன் தகவல்தொடர்பு மென்பொருள் ஒன்றையும், ஜிம் நாஃப் தரவுத்தள மென்பொருள் ஒன்றையும் எழுதி, ‘படியெடுத்து நண்பர்களுக்குக் கொடுங்கள், பயன்பட்டால் பணம் அனுப்புங்கள்’ என்ற ஏற்பாட்டில் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு பாப் வாலஸ் எழுதிய பிசி-ரைட் என்ற எழுத்துச் செயலியோடு ‘ஷேர்வேர்’ என்ற பெயர் நிலைத்தது. அலுவலக மென்பொருளுக்கு இந்த முறை ஓரளவு பலித்தது. தினமும் பயன்படுத்துகிறவருக்கு மனச்சாட்சி தினமும் நினைவூட்டும். கையேடும் உதவியும் பணம் கட்டியவருக்குத்தான் கிடைக்கும். விளையாட்டில் அது பலிக்கவில்லை. முடித்துவிட்ட விளையாட்டுக்கு யார் காசோலை எழுதுவார்கள்? டெக்சாஸின் கார்லண்ட் நகரில் இருந்த ஸ்காட் மில்லர் இதைத் தன் தொடக்ககால ஆட்டங்களிலேயே உணர்ந்தார். 1987-இல் குரோஸ் என்ற வரிசையை வெளியிட்டபோது முதல் பகுதியை மட்டும் இலவசமாகப் பரப்பி, மற்ற பகுதிகளைத் தபாலில் பணம் அனுப்புவோருக்கு விற்றார். அவருடைய அப்போஜி நிறுவனத்தின் பெயரால் இது ‘அப்போஜி முறை’ என்று அழைக்கப்பட்டது. தொடர்கதையின் முதல் அத்தியாயத்தைச் சும்மா கொடுப்பதுபோலத்தான். ஆனால் கொடுத்த அத்தியாயம் முழுமையானது. அதற்கென்று ஒரு தொடக்கமும் முடிவும் இருந்தன.

இந்த முறை வரலாறாக மாறியது லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரில். சாஃப்ட்டிஸ்க் என்ற நிறுவனத்தில் வேலைபார்த்த ஜான் கார்மாக், 1990 செப்டம்பரில் ஐபிஎம் வகைக் கணினியின் திரையைத் தடங்கலின்றிப் பக்கவாட்டில் நகர்த்தும் வழியைக் கண்டார். அதை வைத்து அவரும் டாம் ஹாலும் ஒரே இரவில் நிண்டெண்டோவின் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3 ஆட்டத்தின் முதல் கட்டத்தை அப்படியே கணினியில் எழுப்பிக் காட்டினார்கள். மாரியோவின் இடத்தில் அவர்கள் நிறுத்தியது டேவ் என்ற பாத்திரத்தை. சக ஊழியர் ஜான் ரொமேரோ முன்பே உருவாக்கிய டேஞ்சரஸ் டேவின் நாயகன் அவன். இந்தியப் பள்ளிகளின் கணினி அறைகளில் ஒரு தலைமுறை ஆடித் தீர்த்த அதே ‘டேவ்’தான். நண்பர்கள் சேர்ந்து இதை விரிவாக்கி நிண்டெண்டோவுக்கு அனுப்பினார்கள். அதுவும் டெமோதான், ஆனால் ஆடுபவருக்காகச் செய்யப்பட்டதன்று, வாய்ப்புக் கொடுக்கக்கூடிய ஒரு நிறுவனத்துக்காகச் செய்யப்பட்டது. தன் விளையாட்டுகளைக் கணினிக்குக் கொண்டுபோக நிண்டெண்டோவுக்கு விருப்பம் இல்லை. கதவு மூடியதும் அந்தத் தொழில்நுட்பம் கமாண்டர் கீன் என்ற புதிய விளையாட்டானது. 1990 டிசம்பர் 14 அன்று அதன் முதல் பகுதி அப்போஜி வழியாக இலவசமாக வெளிவந்தது. முதலில் வந்த உரிமத்தொகைக் காசோலை 10,500 டாலர். அதன்பின் அவர்கள் வேலையை விட்டு ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1992 மே மாதம் வுல்ஃபென்ஸ்டைன் 3டி வந்தது, அதிலும் முதல் பகுதியின் பத்துக் கட்டங்கள் இலவசம்.

1993 டிசம்பர் 10 அன்று ஐடி நிறுவனத்தின் டூம் வெளிவந்த விதத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கோப்புச் சேவையகத்தில் அது ஏற்றப்பட்டபோது காத்திருந்தவர்களின் நெரிசலில் ஏற்றுவதே சிரமமானது. இலவசப் பகுதியில் ஒன்பது கட்டங்கள். முழு விளையாட்டின் இருபத்தேழில் அது சரியாக மூன்றில் ஒரு பங்கு. அதை யாரும் படியெடுக்கலாம். கடைக்காரர்கள் ஃபிளாப்பியில் போட்டுத் தாங்கள் விரும்பிய விலைக்கு விற்றுக்கொள்ளலாம், நிறுவனத்துக்கு ஒரு காசும் தரவேண்டியதில்லை. இதில் வியாபாரத் தந்திரம் இருந்தது உண்மைதான். பரப்பும் செலவை முழுவதும் மற்றவர்கள் சுமந்தார்கள். ஆயினும் ஆடுபவரின் பக்கமிருந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஒன்பது கட்டங்களை ஆடி முடித்தவருக்கு அந்த விளையாட்டில் தெரியாதது அதிகம் இல்லை. வேகம், துப்பாக்கிகளின் கனம், இருட்டு, தொலைபேசி வழியே நண்பரோடு மோதுவது எல்லாம் கைக்கு வந்துவிட்டன. அவ்வளவையும் பார்த்த பிறகும் பணம் கட்டியவர் ஏமாற வாய்ப்பே இல்லை. இலவசப் பகுதியை ஆடியவர்களில் மிகச் சிறு பங்கினரே வாங்கினார்கள், ஆனால் ஆடியவர்களின் தொகை பல மில்லியன் என்பதால் அந்தச் சிறு பங்கே ஒரு நிறுவனத்தைச் செல்வத்தில் ஆழ்த்தப் போதுமானதாக இருந்தது. மேரிலாந்தில் டிம் ஸ்வீனி தொடங்கிய எபிக் நிறுவனமும் இதே முறையில்தான் காலூன்றியது. 1991-இல் அவர் எழுதிய இசட்இசட்டி விளையாட்டின் முதல் உலகம் இலவசம், மற்றவை விலைக்கு.

அதே ஐடி நிறுவனம் 1994-இல் டூம் II-ஐ நேரடியாகக் கடைக்கு அனுப்பியது. இலவசப் பகுதி கிடையாது. இந்த ஒரு செய்தி என் வாதத்துக்கு மிக முக்கியம். பெயர் தெரியாத பொருளை விற்கும்போது நட்டத்தைத் தாங்கும் பொறுப்பை விற்பவர் ஏற்கிறார். பெயர் நிலைத்ததும் அந்தப் பொறுப்பை வாங்குபவர் தலைக்கு மாற்றுகிறார். 1996-இல் குவேக் வந்தபோது நிறுவனம் இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை முயன்றது. கடையில் மலிவு விலைக் குறுந்தகடு. அதில் இலவசப் பகுதி திறந்தும், முழு விளையாட்டு பூட்டியும் இருக்கும். தொலைபேசியில் பணம் கட்டினால் திறவுகோல் எண் கிடைக்கும். அந்தப் பூட்டை வெகுவிரைவில் உடைத்துவிட்டார்கள். முழுப் பானையையும் வீட்டுக்கே அனுப்பி, மூடிக்கு மட்டும் பூட்டுப் போட்டால் நடப்பது அதுதான்.

இந்த இடத்தில் பெயரைப் பற்றி ஒரு சொல். டூம் தன் முகப்புத் திரையில் தானே ஆடிக்காட்டும். ஆர்கேட் இயந்திரத்தின் பழக்கம் அது. அதற்காகச் சேமித்த ஆட்டப் பதிவுகளுக்கும் ‘டெமோ’ என்றே பெயர். ஆடுபவர்களும் தங்கள் ஆட்டத்தை அதே வடிவில் பதிந்து பரிமாறிக்கொண்டார்கள். எத்தனை நொடியில் ஒரு கட்டத்தை முடிக்கலாம் என்ற போட்டி அங்கிருந்து வளர்ந்தது. ஐரோப்பாவில், சின்னஞ்சிறு நிரலில் ஒளியும் ஒலியும் எழுப்பிக் காட்டும் கலைக்கும் டெமோ என்றுதான் பெயர். 2020-இல் பின்லாந்து அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலிலேயே சேர்த்தது. ஒரே சொல் மூன்று பொருளில் வழங்குவதால் குழம்பவேண்டாம். இங்கே பேசுவது வாங்குமுன் ஆடிப்பார்க்கும் மாதிரியைப் பற்றி மட்டும்.

பிரிட்டனில் மாதிரியைச் சுமந்தவை பத்திரிகைகள். ஸ்பெக்ட்ரம், கொமடோர் கணினிகளுக்கான இதழ்கள் 1980-களின் பிற்பாதியில் அட்டையில் கேசட்டை ஒட்டி விற்கத் தொடங்கின. அமிகா கணினி பரவியதும் கேசட்டின் இடத்தில் 880 கிலோபைட் கொள்ளும் ஃபிளாப்பி வந்தது. வெளியீட்டாளருக்கு விளம்பரம், பத்திரிகைக்கு விற்பனை, வாசகருக்கு மாதந்தோறும் ஆடிப்பார்க்க ஏதாவது என்று மூன்று தரப்புக்கும் அதில் ஆதாயம் இருந்தது. இந்த ஏற்பாட்டின் உண்மையான பலம் வேறிடத்தில் இருந்தது என்பேன். விமர்சனம் எழுதும் பத்திரிகையே மாதிரியையும் கொடுத்தது. விமர்சகர் புகழ்ந்தது சரியா என்று வாசகர் அன்று மாலையே சோதித்துவிடலாம். விளம்பரதாரருக்கு இணங்கி மதிப்பெண் போட்டார்கள் என்ற ஐயம் அந்த இதழ்களின்மேல் எப்போதும் இருந்தது. கையில் டெமோ உள்ள வாசகர் முன் அத்தகைய மதிப்பெண் நெடுநாள் நிற்காது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் டேவிட் ஜோன்ஸ் தொடங்கிய டிஎம்ஏ டிசைன், 1991-இல் வெளிவந்த லெம்மிங்ஸ் விளையாட்டை உருவாக்கியது. பச்சை முடியும் நீல அங்கியுமாக, தடுத்து நிறுத்தாவிட்டால் மலைமுகட்டிலிருந்து வரிசையாக விழுந்து சாகும் சிறு உருவங்களைக் காப்பாற்றும் ஆட்டம். இதை எழுத்தில் படிக்கிறவருக்கு ஏன் ஆடவேண்டும் என்றே புரியாது. ஒரு கட்டம் ஆடினால் விடமுடியாது. இப்படிப்பட்ட புதுமையான ஆட்டங்களுக்குத்தான் அட்டை ஃபிளாப்பி பெரிதும் கைகொடுத்தது.

இந்தியாவில் அட்டைத் தகடுகள் வேறொரு காரணத்தாலும் செழித்தன. 1995-இல் பொதுமக்களுக்கு இணையம் வந்தபோதும் அது தொலைபேசிக் கம்பி வழியே வந்தது. 56 கிலோபிட் மோடத்தில் நூறு மெகாபைட் டெமோவை இறக்க, இணைப்பு ஒருமுறைகூட அறாமல் இருந்தாலும் நான்கு மணி நேரம் ஆகும். அத்தனை நேரத்துக்கும் தொலைபேசிக் கட்டணம் ஓடும். டிஜிட் போன்ற ஆங்கில மாத இதழ்கள் குறுந்தகட்டில் டெமோக்களை அடைத்துக் கொடுத்தபோது, சென்னையிலோ மதுரையிலோ இருந்த வாசகருக்கு அது இணையத்தை விடவும் விரைவான இணையமாக இருந்தது.

1995 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் என்ற விளையாட்டுக் கருவி ஐரோப்பாவுக்கு வந்தபோது பெட்டியிலேயே ஒரு டெமோ தகடு இருந்தது. அதில் விளையாட்டுகளின் மாதிரிகளோடு, கருப்புத் திரையில் நடக்கும் ஒரு டைனோசரும் இருந்தது. அதைத் திருப்பிப் பார்க்கலாம், வாயைத் திறக்கவைக்கலாம், வேறொன்றும் செய்யமுடியாது. விற்கப்பட்டது விளையாட்டில்லை, இயந்திரத்தின் திறன். அதோடு வேறொரு வகையும் பிறந்தது. 1996-இல் ஸ்கொயர் நிறுவனம் டோபல் நம்பர் 1 என்ற சண்டை விளையாட்டோடு, வரவிருந்த ஃபைனல் ஃபேன்டசி VII-இன் மாதிரியைச் சேர்த்துக் கொடுத்தது. 2001-இல் கொனாமியின் ஜோன் ஆஃப் தி எண்டர்ஸ் பெட்டியில் மெட்டல் கியர் சாலிட் 2-இன் டெமோ இருந்தது. அந்த டெமோவுக்காகவே முழு விலை கொடுத்து அந்த விளையாட்டை வாங்கியவர்கள் ஏராளம். இங்கே மாதிரி இலவசம் என்ற பெயரில்தான் இருந்தது. பெயர்பெற்ற விளையாட்டின் மாதிரி, பெயர் பெறாத விளையாட்டைச் சுமந்துபோகும் வண்டியாகிவிட்டது. லெம்மிங்ஸ் செய்த டேவிட் ஜோன்ஸின் அடுத்த நிறுவனம் உருவாக்கிய, 2007-இல் வெளிவந்த கிராக்டவுன், ஹேலோ 3-இன் முன்னோட்டச் சோதனைக்கான அனுமதியோடு விற்கப்பட்டது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் தன் சொந்த ஆட்டத்தின் சுவையாலேயே வாசகரை ஈர்த்த அதே நகரத்துப் படைப்பாளியின் விளையாட்டை மற்றொன்றின் மாதிரியைக் காட்டி விற்கவேண்டியிருந்தது எனக்கு வருத்தம் தருகிறது. கிராக்டவுன் தன் சொந்த பலத்திலேயே ஆடத் தகுந்த விளையாட்டு.

எதைக் கொடுக்கிறார்கள் என்பதைவிட எதை நிறுத்திவைக்கிறார்கள் என்பதால் டெமோக்களின் வகைகள் பிரிகின்றன. தொடக்கப் பகுதியைக் கொடுத்து மற்றதை நிறுத்துவது ஷேர்வேர் வழி. முழுவதையும் திறந்துவிட்டு நேரத்தை நிறுத்துவது எம்82-இன் வழி. 2019-இல் ரெசிடென்ட் ஈவில் 2-இன் மறு ஆக்கத்துக்கு ஒரே ஒரு முறை, முப்பது நிமிடம் என்று டெமோ விட்டதும் அதே மரபு. நிண்டெண்டோவின் 3டிஎஸ் கருவியில் ஒரு டெமோவை இத்தனை முறைதான் திறக்கலாம் என்று எண்ணிக்கை வைத்தார்கள். இவை எல்லாவற்றிலும் பருக்கை பானையிலிருந்தே வருகிறது. விளையாட்டில் இல்லாத புதிய பகுதியை டெமோவுக்கென்றே செய்வது இன்னொரு வகை. 1999-இல் வந்த ஹாஃப்-லைஃப் அப்லிங்க் அப்படிப்பட்டது. 2016-இல் ரெசிடென்ட் ஈவில் 7-க்கு முன்னால் வந்த பிகினிங் ஹவரும் அப்படியே. கலை என்ற அளவில் இவை மிகச் சிறந்தவை, சிறுகதைபோல் செறிந்தவை. மாதிரி என்ற அளவில் இவற்றை ஐயத்தோடுதான் பார்க்கவேண்டும். தனி அடுப்பில் சமைத்த சோறு அது. அதன் அடுத்த படிதான் விலைக்கு விற்கும் முன்னுரை. கிரான் டூரிஸ்மோ 5-இன் முன்னோடிப் பதிப்பு 2007 டிசம்பரில் ஜப்பானில் விலைக்கு வந்தது. முழு விளையாட்டு வர 2010 நவம்பர் ஆனது. அதற்குள் அந்த முன்னோடி உலகெங்கும் பல மில்லியன் பிரதிகள் விற்றுவிட்டது.

தனி அடுப்புச் சமையல் அதன் உச்சத்தைத் தொட்டது 1995-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய இ3 விளையாட்டுக் கண்காட்சியில். மேடையில் காட்டப்படும் டெமோவைப் பார்வையாளர் தொடக்கூட முடியாது. 2003-இல் ஹேலோ 2-க்காக அங்கே காட்டப்பட்ட காட்சி அரங்கை அதிரவைத்தது. அதை இயக்கிய வரைகலை நிரல் எக்ஸ்பாக்ஸ் கருவி தாங்காத அளவு கனமானது என்று தெரிந்து, கண்காட்சிக்குப் பிறகு படைப்பாளிகளே அதைக் கைவிட்டார்கள். அந்தக் காட்சி முழு விளையாட்டில் வரவே இல்லை. 2013-இல் வெளிவந்த ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸின் கதை இன்னும் கசப்பானது. கண்காட்சியில் காட்டியதற்கும் கடையில் விற்றதற்கும் இருந்த வேறுபாடு அமெரிக்காவில் வழக்கானது. பிரிட்டனில் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பிடம் புகார் போனது. இதைக் காட்டி, டெமோக்களே ஏமாற்றுபவைதாமே, அவற்றில் என்ன நேர்மை என்று கேட்பவர்கள் உண்டு. வழக்குக்குப் போன டெமோ, வாங்குபவர் கையால் தொடமுடியாத டெமோ என்பதே அவர்களுக்குப் பதில். வீட்டில் ஆடிப்பார்த்த மாதிரி பொய் சொன்னதால் இத்தனை பெரிய சினம் எழுந்ததாக எனக்குத் தெரிந்து உதாரணம் இல்லை. மேடையில் ஓடுவதை டெமோ என்று அழைப்பதே அந்தச் சொல்லுக்குச் செய்யும் அநீதி.

இதைவிட வலுவான மறுப்பு பணத்தின் பக்கமிருந்து வருகிறது. விளையாட்டு வடிவமைப்புப் பேராசிரியரான ஜெஸ்ஸி ஷெல், 2013-இல் டைஸ் என்ற விளையாட்டுத் தொழில் மாநாட்டில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். இஇடிஏஆர் என்ற ஆய்வு நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுகளைப் பற்றித் திரட்டிய விற்பனைத் தரவு அது. முன்னோட்டப் படம் மட்டும் வெளியிட்ட விளையாட்டுகள், படத்தோடு டெமோவும் வெளியிட்டவற்றைவிட அதிகம் விற்றிருந்தன. படம் பார்த்தவருக்கு ஆவல் எழுகிறது. டெமோ அந்த ஆவலைத் தணித்துவிடுகிறது என்பது விளக்கம். தொழிலில் பலருக்கு இது வேதவாக்கானது. இந்தத் தரவை நான் மறுக்கவில்லை. ஆனால் அது எதை நிறுவுகிறது என்று பார்க்கவேண்டும். பெரும் பெயர் கொண்ட விளையாட்டுகளுக்கு டெமோ தேவைப்படுவதில்லை. டூம் II-இலேயே அதைக் கண்டோம். அவை இயல்பாகவே ‘டெமோ இல்லாதவை’ என்ற பக்கம் சேர்ந்து அந்தப் பக்கத்தின் சராசரியை உயர்த்தும். ஆகவே டெமோதான் விற்பனையைக் குறைத்தது என்று அந்த வரைபடத்தை மட்டும் வைத்துச் சொல்லமுடியாது. சரி, குறைத்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது அந்தக் குறைந்த விற்பனை எங்கிருந்து வந்தது? ஆடிப்பார்த்து, இது எனக்கானதில்லை என்று அறிந்து விலகியவர்களிடமிருந்து. அவர்கள் அறியாமல் வாங்கியிருந்தால் விற்பவர் கணக்கில் வரவு, வாங்கியவர் அலமாரியில் வருத்தம். டெமோ செய்யவேண்டிய வேலையைச் செய்தது என்பதற்கு அந்த வரைபடமே சான்று.

ஆயினும் சில ஆண்டுகள் அந்த வாதமே வென்றது. அட்டைத் தகடுகளோடு பத்திரிகைகளும் மறைந்ததால், செலவைச் சுமக்கும் மூன்றாம் ஆள் இல்லாமல் போனார். டெமோவுக்கென்று தனிப்பதிப்பு வெட்டித் தைத்துச் சோதிக்கப் பல வாரம் பிடிக்கும், அதுவும் விளையாட்டை முடிக்கும் நெருக்கடியான நேரத்தில். மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் லைவ் ஆர்கேட் கடையில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் இலவச மாதிரி இருந்தே ஆகவேண்டும் என்று விதித்திருந்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன் வந்தபோது அந்த விதி போய்விட்டது. 2015 ஜூனில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடை, வாங்கிய பதினான்கு நாளுக்குள் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. இனி டெமோ எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, பருக்கையை எடுக்கும் கை அங்கே முழுக்க வாங்குபவருடையது. ஆனால் முதலில் பணம் கட்டவேண்டும். கட்ட வசதியில்லாத மாணவருக்கு அது மாதிரியாகாது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் சிறிய படைப்புகளுக்கோ அது பெரிய ஓட்டை. முழுவதும் ஆடி முடித்தவரும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 1982-இல் நன்கொடையை நம்பியவர்களின் பழைய தொல்லை வேறு உருவில் திரும்பிவிட்டது.

டெமோ மீண்டதற்குக் காரணம் நெரிசல். ஸ்டீமில் இப்போது ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை 1990-இன் கமாண்டர் கீன் இருந்த நிலையில் இருப்பவை: பெயர் தெரியாதவை, விளம்பரப் பணம் இல்லாதவை. 2019 டிசம்பரில் சிறிய அளவில் தொடங்கி, 2021 முதல் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்ற பெயரில் ஆண்டுக்குச் சிலமுறை நடக்கும் டெமோ திருவிழாவில் நூற்றுக்கணக்கான மாதிரிகள் ஒரே வாரத்தில் திறக்கப்படுகின்றன. யாரும் அறியாத இருவர், மூவர் சேர்ந்து செய்த விளையாட்டுக்கு நட்டத்தின் பொறுப்பைத் தானே ஏற்பதைத் தவிர வேறு வழியில்லை. ஸ்காட் மில்லர் கண்ட கணக்கு அப்படியே நிற்கிறது.

டெமோவைத் தனிப் படைப்பாகப் பார்க்கத் தொடங்கினால் அதைப் பாதுகாக்கும் கேள்வி வருகிறது. 2014 ஆகஸ்ட் 12 அன்று பிளேஸ்டேஷன் 4-இல் பி.டி. என்ற சிறிய டெமோ, யாரும் கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் பெயரில் வெளியானது. ஒரு வீட்டின் வளைந்த நடைபாதை. நடந்து முடித்துக் கதவைத் திறந்தால் மீண்டும் அதே நடைபாதை, ஆனால் ஏதோ மாறியிருக்கும். இறுதிவரை போனவர்களுக்குத்தான் அது விளையாட்டு வடிவமைப்பாளர் ஹிடியோ கோஜிமாவும் திரைப்பட இயக்குநர் கியர்மோ டெல் டோரோவும் சேர்ந்து செய்யவிருந்த சைலன்ட் ஹில்ஸின் முன்னறிவிப்பு என்று தெரிந்தது. 2015 ஏப்ரலில் அந்த விளையாட்டு கைவிடப்பட்டது, டெமோவும் கடையிலிருந்து நீக்கப்பட்டது. முன்பே இறக்கியவர்களும் அழித்துவிட்டால் மறுபடி இறக்க வழியில்லை. அது பதிந்திருந்த பழைய கருவிகளை மக்கள் பெரும் விலைக்கு ஏலத்தில் வாங்கினார்கள். திகில் விளையாட்டுகளின் போக்கையே மாற்றிய ஒரு படைப்பு இன்று தேய்ந்துவரும் சில வன்தட்டுகளை நம்பி உயிரோடு இருக்கிறது. டூமின் இலவசப் பகுதியோ, யாரும் படியெடுக்கலாம் என்ற அந்த 1993 அனுமதியின் பலத்தால், லினக்ஸ் வகையான டெபியன் இயங்குதளத்தின் தொகுப்புக் களஞ்சியத்தில் இன்றும் கிடைக்கிறது. நிண்டெண்டோ ஏற்க மறுத்த அந்த மாரியோ டெமோவும் அழியவில்லை. 2021-இல் அதன் ஒரு பிரதி நியூயார்க் மாநிலம் ரோசெஸ்டரில் உள்ள ஸ்ட்ராங் விளையாட்டு அருங்காட்சியகத்துக்குக் கிடைத்தது.